பாம்பன் கரையிலிருந்து கப்பல் சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பா தோணியில் தண்டல், அதாவது தோணியை நடத்துபவர். நான் சரக்குக் கப்பல்களின் இன்ஜின் அறையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். சாயங்காலம் குந்துகால் பக்கம் நடந்து போனால் யாராவது ஒரு வார்த்தையைக் கேட்டு நிறுத்துவார்கள். கப்பல் வேலைக்குக் கிளம்பும் தம்பிகள், வீட்டுக்காரர் போனில் சொல்வது புரியாத தங்கச்சிகள், சொந்தமாக விசைப்படகு வைத்திருக்கும் அண்ணன்மார் என்று கேட்பவர்கள் பலர். அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். நம் கரையில் ஏற்கெனவே ஒரு சொல் இருந்தால் அதை முதலில் சொல்கிறேன், கப்பலில் புழங்கும் சொல் அடுத்து வரும்.

அணியம், அமரம் என்று தாத்தா சொல்வாரே, கப்பலில் அதற்கு என்ன பெயர்?

அணியம் என்பது முன்பக்கம், கப்பலில் பௌ. அமரம் பின்பக்கம், கப்பலில் ஸ்டெர்ன். படகின் அடியில் முதுகெலும்பு மாதிரி நீளமாக ஓடும் கட்டை ஏரா, அதுதான் கீல். ஏராவிலிருந்து இரண்டு பக்கமும் விலா எலும்பு போல வளைந்து ஏறுபவை வங்கு, கப்பலில் ஃபிரேம். பாய் தொங்கும் குறுக்குக் கழி பருமல். பாயை ஏற்றும் கயிறு ஆஞ்சான்.

நான் முதல் கப்பலில் ஏறிய வாரம், "நாற்பத்திரண்டாவது ஃபிரேம் பக்கத்தில் கசிவு, போய்ப் பார்" என்றார்கள். டார்ச்சை வைத்துக்கொண்டு விழித்தேன். கப்பலின் விலா எலும்புகளுக்குப் பின்பக்கத்திலிருந்து வரிசையாக எண் போட்டிருப்பார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. வங்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நேராகப் போயிருப்பேன், சின்ன வயதில் படகு கட்டும் இடத்தில் எத்தனை வங்குகளை எண்ணியிருக்கிறேன்! இன்ஜின் வந்த பிறகு பருமலும் ஆஞ்சானும் பேச்சிலிருந்து போய்க்கொண்டிருக்கின்றன. ஏராவும் வங்கும் படகு கட்டும் ஆசாரிகளிடம் இன்னும் இருக்கின்றன. பையன்களைக் கூட்டிப்போய் ஒரு நாள் அங்கே உட்கார வையுங்கள்.

இடது, வலது என்று சொன்னால் போதாதா? எதற்கு போர்ட், ஸ்டார்போர்டு?

போதாது. நீங்கள் அணியத்தைப் பார்த்து நிற்கிறீர்கள், நான் அமரத்தைப் பார்த்து நிற்கிறேன் என்றால் உங்கள் இடது எனக்கு வலது. போர்ட் என்றால் அணியத்தை நோக்கி நிற்பவருக்கு இடப்பக்கம், ஸ்டார்போர்டு வலப்பக்கம். யார் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் அது மாறாது. அந்தக் காலத்து ஐரோப்பியப் படகுகளில் சுக்கான் துடுப்பு வலப்பக்கம் இருந்தது. சுக்கான் பக்கம் என்பதே ஸ்டார்போர்டு ஆனது. துடுப்பு இடிபடாமல் இருக்க மறுபக்கத்தைத் துறையில் அணைத்தார்கள், அது போர்ட்.

ராத்திரியில் சிவப்பு, பச்சை விளக்கைப் பார்த்து எப்படி முடிவெடுப்பது?

இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. உலகம் முழுக்க இதே விதிதான். எதிரில் சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் அந்தக் கலம் நேராக உங்களை நோக்கி வருகிறது. இருவருமே வலப்பக்கம் திரும்பிக் கடக்க வேண்டும். உங்கள் வலப்பக்கத்திலிருந்து குறுக்கே வருகிறவரின் சிவப்பு தெரிந்தால் ஒதுங்க வேண்டியவர் நீங்கள். இடப்பக்கத்திலிருந்து வருகிறவரின் பச்சை தெரிந்தால் ஒதுங்க வேண்டியவர் அவர். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு போகக் கூடாது, அவர் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

நம் ஆட்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. இழுவலை இழுக்கும் படகு பச்சைக்குக் கீழே வெள்ளை காட்ட வேண்டும். மற்ற வலை போட்டிருக்கும் படகு சிவப்புக்குக் கீழே வெள்ளை. அதைப் பார்த்தால்தான் பெரிய கப்பல்காரனுக்கு இங்கே வலை கிடக்கிறது, விலக வேண்டியது நாம்தான் என்று புரியும். பேட்டரி மிச்சம் என்று ஒற்றை எல்.இ.டி.யைத் தொங்கவிட்டுப் படுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

நாட் என்றால் என்ன? கடல் மைல் வேறா?

கடல் மைல் தூரம், நாட் வேகம். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். ஒரு மணி நேரத்தில் ஒரு கடல் மைல் போனால் ஒரு நாட். எட்டு நாட் வேகத்தில் மூன்று மணி நேரம் போனால் 24 கடல் மைல், ஏறக்குறைய 44 கிலோமீட்டர். "மணிக்கு எட்டு நாட்" என்று சொல்லாதீர்கள், மணி அதற்குள்ளேயே இருக்கிறது.

முன்பு கயிற்றில் சம தூரத்தில் முடிச்சுகள் போட்டு, நுனியில் கட்டையைக் கட்டிக் கடலில் விட்டு, மணற்கடிகாரம் காலியாவதற்குள் எத்தனை முடிச்சு கையை விட்டு ஓடுகிறது என்று எண்ணினார்கள். ஆங்கிலத்தில் முடிச்சுக்கு நாட். அந்தப் பெயர் அப்படியே வேகத்துக்கு நின்றுவிட்டது.

பாகம் என்று ஆழத்தைச் சொல்கிறார்கள். அது எத்தனை அடி?

இரண்டு கையையும் விரித்தால் ஒரு விரல்நுனியிலிருந்து மறு விரல்நுனி வரை உள்ள நீளம் ஒரு பாகம். சுமார் ஆறடி. ஆங்கிலத்தில் ஃபேதம் என்பதும் இதேதான், அதுவும் விரித்த கைகளின் அளவு. ஆங்கிலக் கணக்கில் சரியாக ஆறு அடி, 1.83 மீட்டர்.

அப்பா ஈயக் குண்டைக் கயிற்றில் கட்டி இறக்குவார். குண்டின் அடியில் ஒரு குழி, அதில் கொழுப்பை அப்பியிருப்பார். தரையைத் தொட்டு மேலே வந்ததும் குண்டைத் திருப்பிப் பார்ப்பார். மணல் ஒட்டியிருக்கிறதா, சேறா, சிப்பித்தூளா, ஒன்றும் ஒட்டாமல் நசுங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். நசுங்கியிருந்தால் அடியில் இருப்பது "பார்", அதாவது பாறைத்தரை. கயிற்றை அள்ளும்போதே கையை விரித்து விரித்து எண்ணிக்கொள்வார். எத்தனை பாகம், எந்தத் தரை என்ற இரண்டும் தெரிந்தால் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று சொல்லிவிடுவார். இன்று எக்கோ சவுண்டர் ஒலியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்கிடுகிறது. வேலை சுலபம், சந்தேகமில்லை. ஆனால் கருவி மீட்டரில் இருக்கிறதா, பாகத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஐந்து பாகம் என்று நினைத்துக்கொண்டு ஐந்து மீட்டருக்குள் நுழைவது பெரிய வித்தியாசம்.

வீட்டுக்காரர் "ஆங்கரேஜில் இருக்கோம்" என்கிறார், பத்து நாளாக அதையே சொல்கிறார். ஏதாவது பிரச்சினையா?

இல்லை தங்கச்சி, பயப்பட வேண்டாம். ஆங்கரேஜ் என்றால் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் இடம். உள்ளே போய் நிற்க இடம் கிடைத்தால் "பெர்த் கிடைத்தது" என்பார். பங்கரிங் என்றால் கப்பலுக்கு எண்ணெய் நிரப்புவது. அன்று இன்ஜின் ஆட்கள் ராத்திரி பகல் பார்க்காமல் நிற்பார்கள், போனை எடுக்க மாட்டார்கள். பிளாக்அவுட் என்றால் கப்பலில் கரண்ட் போவது. கேட்கப் பயமாக இருக்கும், பெரும்பாலும் சில நிமிடத்தில் இன்னொரு ஜெனரேட்டர் பிடித்துக்கொள்ளும். சைன் ஆஃப் என்றால் வேலை முடிந்து இறங்குவது. அந்த வார்த்தைக்குத்தான் நீங்கள் காத்திருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

நங்கூரத்தைப் பற்றி இன்னொன்று. கப்பலை நிறுத்தி வைப்பது நங்கூரம் மட்டும் இல்லை. தரையில் நீளமாகக் கிடக்கும் சங்கிலியின் கனமும் சேர்ந்துதான் பிடிக்கிறது. சங்கிலியை ஷேக்கிள் கணக்கில் சொல்வார்கள், ஒரு ஷேக்கிள் 27.5 மீட்டர், அதாவது பதினைந்து பாகம். நம் படகிலும் அதே கதைதான். கயிறு குட்டையாக விட்டால் நங்கூரம் செங்குத்தாக இழுபட்டுப் பிடுங்கிக்கொள்ளும். நீளமாக விட்டால் படுத்துப் பிடிக்கும்.

பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு என்கிறார்கள். எண் கூடக் கூடக் காற்று வேகம் கூடுமா?

அப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள். முழுக்கச் சரியில்லை. பகலில் கூம்பும் உருளையுமாகக் கூடை போன்ற உருவங்களைக் கம்பத்தில் ஏற்றுவார்கள். ராத்திரியில் அதற்குப் பதில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். கூண்டு என்ற பெயர் அந்த உருவத்தால் வந்தது.

1 என்றால் தொலைவில் கடலில் காற்றழுத்தத் தாழ்வு இருக்கிறது. 2 என்றால் தொலைவில் புயலே உருவாகிவிட்டது, துறைமுகத்துக்கு இப்போதைக்கு ஒன்றும் இல்லை, வெளியே கிளம்பும் கப்பல்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். 3 வந்தால் விஷயம் நம்மிடம் வந்துவிட்டது, இந்தத் துறைமுகத்திலேயே பலத்த காற்று வீசலாம். 4 என்றால் புயலால் துறைமுகத்துக்கு அச்சுறுத்தல்.

5, 6, 7 மூன்றும் அபாய எச்சரிக்கை. கடுமை ஒன்றுதான், வித்தியாசம் பக்கத்தில் இருக்கிறது. 5 என்றால் புயல் போகும் பாதைக்கு இடப்பக்கம் துறைமுகம் இருக்கும். 6 என்றால் வலப்பக்கம். 7 என்றால் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடக்கும். 8, 9, 10 இதே வரிசையில் கடும்புயலுக்கு. 11 ஏறினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது, நிலைமை மோசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

பக்கம் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், நம் பக்கத்துப் புயல் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. கிழக்கிலிருந்து மேற்கே வந்து கரையேறும் புயலுக்கு வலப்பக்கம் வடக்கு. அங்கே காற்று கடலிலிருந்து கரைக்கு அடித்துத் தண்ணீரை ஊருக்குள் தள்ளும். இடப்பக்கமான தெற்கில் கரையிலிருந்து கடலுக்கு அடித்து, கட்டிய படகுகளை அறுத்துக்கொண்டு போகும். ராமேஸ்வரம் தீவில் இது இன்னும் சிக்கல். வடகடலும் (பாக் விரிகுடா) தென்கடலும் (மன்னார் வளைகுடா) இரண்டு பக்கமும் இருப்பதால், ஒரு பக்கம் மறைவு கொடுக்கும் காற்று மறுபக்கத்தை நொறுக்கும். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியை என்ன செய்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். கூண்டு எண்ணைப் பார்த்ததும் எந்தப் பக்கம் என்று கேட்கிற பழக்கம் ஒவ்வொரு படகுக்காரருக்கும் வர வேண்டும்.

கச்சான், சோழகம், வாடை, கொண்டல் எல்லாம் எந்தக் காற்று?

வாடை வடக்கிலிருந்து, கொண்டல் கிழக்கிலிருந்து, சோழகம் தெற்கிலிருந்து, கச்சான் மேற்கிலிருந்து. காற்றுக்குப் பெயர் அது வருகிற திசையை வைத்துத்தான், கப்பலிலும் அப்படியே. நீரோட்டத்துக்கு மட்டும் கப்பலில் அது போகிற திசையைச் சொல்வார்கள். நம் ஊரில் நீரோட்டம் நீவாடு. தென்மேற்குப் பருவத்தில் தென்கடல் கொந்தளிக்கும், வடகிழக்குப் பருவத்தில் வடகடல். அதனால்தான் படகுகளை ஒரு கடலிலிருந்து மறு கடலுக்கு மாற்றுகிறோம்.

டிராஃப்ட் என்றால் என்ன? பெரிய கப்பல் ஏன் பாம்பன் வழியாக வருவதில்லை?

தண்ணீர் மட்டத்திலிருந்து கீல் வரை கப்பல் எவ்வளவு மூழ்கியிருக்கிறதோ அது டிராஃப்ட். பெரிய கன்டெய்னர் கப்பலுக்கு அது 14 மீட்டரைத் தாண்டும். பாக் விரிகுடாவில் அவ்வளவு ஆழம் கிடையாது, ராமர் பாலத்து மணல் திட்டுகளில் சில இடங்களில் ஆள் உயரம்கூடத் தேறாது. அதனால் தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் போகும் பெரிய கப்பல் இலங்கையைச் சுற்றித்தான் போகிறது. இதற்காகத்தான் சேதுசமுத்திரத் திட்டத்தை 2005 ஜூலை 2 அன்று மதுரையில் தொடங்கினார்கள், தூர்வாரும் வேலை பாதியில் நின்றது.

ஆழம் குறைந்த வாய்க்காலில் வேகமாகப் போனால் கப்பல் இன்னும் கொஞ்சம் கீழே அமுங்கும். அடியில் தண்ணீர் வேகமாக ஓடி அழுத்தம் குறைவதால் வருவது இது, பெயர் ஸ்க்வாட். பாம்பன் வாய்க்காலில் மெதுவாகப் போகச் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

டிராஃப்ட் கீழ்க்கணக்கு என்றால் ஏர் டிராஃப்ட் மேல்கணக்கு. தண்ணீர் மட்டத்திலிருந்து கப்பலின் உச்சி வரை உள்ள உயரம். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் தூக்குப்பாலம் இரண்டு கையாகப் பிரிந்து மேலே நிமிர்ந்துவந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு லிஃப்ட் மாதிரி நேராக 17 மீட்டர் உயர்கிறது. அது எவ்வளவு உயர்ந்தாலும், பக்கத்தில் அசையாமல் நிற்கும் சாலைப் பாலத்துக்கு அடியிலும் கப்பலின் உச்சி நுழைந்தாக வேண்டும். பாலம் திறக்கும் நாளில் போய் நின்று பாருங்கள். உள்ளூர் வாய்க்கால் தெரிந்த பைலட் கப்பலில் ஏறி வழி சொல்வதும், நீவாடு தணியும் நேரத்துக்குக் கப்பல் காத்திருப்பதும் அங்கேதான் நன்றாகப் புரியும்.

கப்பலின் பக்கவாட்டில் வட்டமும் கோடுகளும் எதற்கு?

இதற்கு மேல் ஏற்றாதே என்ற கோடு. பிளிம்சால் கோடு என்பார்கள். சாமுவேல் பிளிம்சால் என்ற பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர், பேராசையில் அளவுக்கு மீறி ஏற்றிய கப்பல்களில் மாலுமிகள் சாவதைப் பார்த்துப் போராடி, 1876இல் சட்டமாக்க வைத்தார். பல கோடுகள் இருப்பதற்குக் காரணம் தண்ணீரும் பருவமும். நன்னீரில் கப்பல் கூடுதலாக மூழ்கும், உப்புநீரில் எழும்பும். ஹூக்ளி ஆற்றில் கொல்கத்தாவில் ஏற்றிய கப்பல் கடலுக்கு வந்ததும் கொஞ்சம் மேலே வரும்.

டன் கணக்கில் ஏன் இரண்டு எண் சொல்கிறார்கள்?

டெட்வெயிட் என்பது கப்பல் சுமக்கக்கூடிய எடை. அதில் சரக்கு, எண்ணெய், தண்ணீர், ஆட்கள் எல்லாம் சேரும். கிராஸ் டன்னேஜ் எடையே இல்லை, கப்பலின் உள் கொள்ளளவை வைத்துப் போடும் கணக்கு.

படகுக்கு அடியில் ஜிங்க் கட்டி வைக்கச் சொல்கிறார்கள். வீண் செலவா?

இல்லவே இல்லை. உப்புநீரில் இரும்பும் வெண்கலமும் சேர்ந்து கிடந்தால் அது ஒரு பேட்டரி ஆகிவிடும். வெண்கலப் புரொப்பல்லர் நிற்கும், பக்கத்து இரும்பு அரிக்கும். இரண்டையும்விட எளிதில் கரையும் துத்தநாகத்தை, அதாவது ஜிங்க்கை, இரும்பில் பொருத்தினால், அரிப்பு முழுவதையும் அது வாங்கிக்கொண்டு தான் கரைந்து போகும். காவு கொடுக்கும் கட்டி என்றே இதைச் சொல்வது வழக்கம். கரையான் தின்ற கட்டை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தால் அது நன்றாக வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு வருடம் கழித்தும் புதிதாக மின்னினால்தான் கவலைப்பட வேண்டும், இரும்போடு தொடர்பு விட்டிருக்கும்.

எனக்கு வேண்டிய ஒருவர் படகைக் கரையேற்றிப் பெயின்ட் அடித்தபோது, அழகாக இருக்கட்டும் என்று ஜிங்க் மேலும் சேர்த்து அடித்துவிட்டார்கள். அடுத்த முறை ஏற்றும்போது சுக்கான் இரும்பை விரல் நகத்தால் பெயர்க்க முடிந்தது. ஜிங்க் மேல் பெயின்ட் அடிக்கவே கூடாது. நம் கடற்கரையில் அரிப்பு எவ்வளவு கடுமை என்றால், காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அரிப்பைச் சோதிப்பதற்காகவே மண்டபத்தில் இடம் வைத்தது.

ஐஸ் பெட்டியில் தண்ணீர் நின்றால் படகு கவிழும் என்கிறார்கள். கொஞ்சத் தண்ணீர் என்ன செய்யும்?

ஒரு தாம்பாளத்தில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றி, வாசல்வரை எடுத்துக்கொண்டு நடந்து பாருங்கள். தாம்பாளம் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்ததும் தண்ணீர் மொத்தமும் அந்தப் பக்கம் ஓடி இன்னும் சாய்க்கும். படகிலும் அதேதான். கப்பலில் இதற்குத் தடையற்ற நீர்ப்பரப்பு விளைவு என்று பாடமே உண்டு. அதே தண்ணீர் செம்பிலேயே இருந்தால் ஒன்றும் ஆகாது. அதனால்தான் கப்பலில் தொட்டிகளை ஒன்று முழுக்க நிரப்புவோம், இல்லை முழுக்கக் காலி செய்வோம், பாதியில் விட மாட்டோம். படகில் உருகிய ஐஸ் தண்ணீரை உடனுக்குடன் இறைத்துவிடுங்கள். குறுக்குப் பலகை வைத்துப் பிரித்திருந்தால் அதைக் கழற்றிப் போடாதீர்கள்.

வெளிநாட்டில் கட்டமரான் என்ற கப்பலைப் பார்த்தேன். அது நம் கட்டுமரமா?

பெயர் நம்முடையது, கலம் வேறு. கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது கட்டுமரம். ஐரோப்பியர் அந்தச் சொல்லை எடுத்துப் போய், இரண்டு உடல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேலே இணைத்த கலத்துக்கு வைத்துவிட்டார்கள். சொற்கள் இரண்டு பக்கமும் பயணம் செய்திருக்கின்றன. சுக்கான் அரபியிலிருந்து வந்தது. மாலுமி என்பது அரபியில் முஅல்லிம், சொல்லித் தருபவர். நங்கூரமும், கப்பல் தலைவரைக் குறிக்கும் நாகுதாவும் பாரசீகம். கீழக்கரைத் துறையில் எத்தனை நூற்றாண்டு வியாபாரம் நடந்திருக்கிறது என்பதற்கு இந்தச் சொற்களே சாட்சி.

கப்பல் வேலைக்குப் போகிறேன் மாமா. என்னென்ன வார்த்தை தெரிந்திருக்க வேண்டும்?

சி.டி.சி. என்பது கடலோடியின் அடையாளப் புத்தகம், நீ எந்தக் கப்பலில் எவ்வளவு நாள் இருந்தாய் என்று அதில் ஏறும். எஸ்.டி.சி.டபிள்யூ. என்பது கடலோடிகளின் பயிற்சிக்கான உலக விதி. உயிர் காத்தல், தீயணைப்பு, முதலுதவி வகுப்புகள் அதன்படிதான். மேல்தளத்தில் பாசன் என்பவர் ஆட்களை வேலை வாங்குகிறவர், அந்தக் காலத்துச் செரங்கு. கீழே எங்கள் இன்ஜின் அறையில் வைப்பர், ஆயிலர், ஃபிட்டர் என்று பதவி ஏறும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஆர்.பி.எஸ்.எல். என்ற எழுத்துகளைத் தெரிந்துகொள். ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு மத்திய அரசின் கப்பல்துறைத் தலைமை இயக்குநரகம் கொடுக்கும் உரிமம் அது. எண்ணைக் கேள், இயக்குநரகத்தின் இணையதளத்தில் சரிபார். உரிமம் உள்ளவர்கள் வேலை வாங்கித் தருவதற்கு உன்னிடம் பணம் வாங்கக் கூடாது, விதியே அதுதான். என் சொந்தத்தில் ஒரு பையன் ஏஜென்டிடம் நகையை விற்றுப் பணம் கொடுத்து, மும்பையில் ஒரு லாட்ஜில் இரண்டு மாதம் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தான். கடிதத்தில் இருந்த கப்பலே இல்லை. அவன் அம்மா முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

டெமரேஜ் என்றால்?

சொன்ன நாளுக்குள் சரக்கை ஏற்றாமலோ இறக்காமலோ கப்பலை நிறுத்தி வைத்தால் கொடுக்க வேண்டிய தாமதப் பணம்.

ஆபத்தில் மேடே என்று சொல்ல வேண்டுமா, தமிழில் சொன்னால் ஆகாதா?

உயிருக்கு ஆபத்து என்றால் வி.எச்.எஃப். ரேடியோவில் 16ஆவது சேனலில் மூன்று முறை "மேடே" சொல்லுங்கள். "எனக்கு உதவுங்கள்" என்ற பிரெஞ்சுத் தொடரின் ஒலியிலிருந்து வந்தது. எந்த நாட்டுக் கப்பல்காரனுக்கும் அந்த ஒரு வார்த்தை புரியும், அதனால் அதைச் சொல்லுங்கள், அப்புறம் தமிழில் தொடருங்கள். போன் சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093.

முதலில் படகின் பெயர், அடுத்து இருக்கும் இடம், என்ன நடந்தது, எத்தனை பேர் என்ற வரிசையில் சொல்லுங்கள். இடத்தை ஜி.பி.எஸ்.ஸில் தெரிவது போலவே படியுங்கள். பாம்பன் என்றால் 9 டிகிரி 17 நிமிடம் வடக்கு, 79 டிகிரி 12 நிமிடம் கிழக்கு என்று வரும். வடக்கு எண்ணில் ஒரு நிமிடம் தப்பினால் ஒரு கடல் மைல் தள்ளித் தேடுவார்கள். பதற்றத்தில் எதுவும் ஞாபகம் வராது. இந்த நான்கையும் ஒரு அட்டையில் எழுதி, நனையாமல் பிளாஸ்டிக் உறை போட்டு, சுக்கான் பிடிக்கும் இடத்தில் கண்ணில் படும்படி ஒட்டி வையுங்கள்.